மேற்கோளை எண்ணும் முன் வாசித்துப் பார்க்கலாம்

திருநெல்வேலிப் பக்கம் கம்ப்யூட்டர் சயின்ஸில் பிஎச்டி பதிவு செய்ய நினைக்கும் பிள்ளைகள் கைடு தேடும்போது முதலில் கேட்பது, "அவருக்கு எச்-இண்டெக்ஸ் எவ்வளவு சார்?" என்பதைத்தான். ஒருவரின் கட்டுரைகளைப் பிறர் தங்கள் கட்டுரைகளில் எவ்வளவு குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பதிலிருந்து வரும் எண் அது; ஒன்பது என்றால், ஒன்பது கட்டுரைகள் ஒவ்வொன்றும் ஒன்பது தடவையாவது மேற்கோள் பெற்றிருக்கின்றன என்று அர்த்தம். அவர் எதை ஆராய்கிறார் என்ற கேள்வி அதற்கு அப்புறம் வரும், சில சமயம் வராமலே போய்விடும். கேட்கிற பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். பதவி உயர்வுப் படிவத்தில் அந்த எண்ணுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. கல்லூரிகளுக்கான என்ஐஆர்எஃப் தரவரிசையிலும் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணுகிறார்கள். பெரியவர்கள் எதை எண்ணுகிறார்களோ அதையே பிள்ளைகளும் எண்ணுகிறார்கள்.

நான் பாளையங்கோட்டையில் மென்பொருள் பொறியியல் பாடம் எடுக்கிறேன், சில ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டியாகவும் இருக்கிறேன். ஒரு ஆராய்ச்சியாளரின் கட்டுரைப் பட்டியலை எப்படி வாசிப்பது என்று நாம் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதே இல்லை என்பது ரொம்ப நாள் ஆதங்கம். கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பட்டியலிடும் கூகுள் ஸ்காலர் பக்கத்தைத் திறந்து, வலது மூலையில் இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதை என்னால் முடிந்தவரை எழுதிப் பார்க்கிறேன்.

சமீபத்தில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவோடு வந்திருந்தாள். மென்பொருள் சோதனையில் ஆய்வு செய்ய ஆசை. போனில் இரண்டு பேரின் கூகுள் ஸ்காலர் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். "இவங்களுக்கு இருபத்தொண்ணு சார், அவங்களுக்கு ஒம்பது. யோசிக்கவே வேண்டாம்லா?" என்றாள். அப்பாவும் "கூடுதலா இருந்தா நல்லதுதான சார்" என்றார். இருவரின் பட்டியலிலும் முதலில் நிற்கும் கட்டுரைக்குப் பக்கத்தில் உள்ள மேற்கோள் எண்ணை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். இருபத்தொன்று பெற்றவரின் கட்டுரை ஒரு தொகுப்பாய்வு. அதைக் குறிப்பிட்டவர்களில் நாங்கள் திறந்து பார்த்த எல்லாருமே முன்னுரையில் 'இத்துறையில் பலர் ஆய்வு செய்துள்ளனர்' என்ற வாக்கியத்தின் வாலில், அடைப்புக்குறிக்குள் ஏழெட்டு எண்களோடு ஒன்றாக அதைச் சேர்த்திருந்தார்கள். ஒன்பது பெற்றவரின் கட்டுரை ஒரு டெஸ்டிங் முறையைப் பற்றியது. வேறொரு குழு அதை எடுத்துத் தங்கள் கோடில் ஓட்டிப் பார்த்து, எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தது. அந்த இரண்டு பக்கத்தையும் அவள் அங்கேயே உட்கார்ந்து வாசித்தாள்.

சின்ன எண் வைத்திருப்பவர்தான் நல்ல கைடு என்று சொல்ல வரவில்லை. இருபத்தொன்றுக்குச் சொந்தக்காரரின் மற்றக் கட்டுரைகள் அருமையாக இருக்கலாம். உள்ளே போய்ப் பார்க்காமல் இரண்டில் எதையும் சொல்ல முடியாது என்பதே என் பேச்சு.

இதற்கு எங்கள் துறையிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1994இல் சிதம்பர், கெமரர் என்ற இருவர் ஐஇஇஇ டிரான்சாக்‌ஷன்ஸ் ஆன் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கிளாஸ் என்ற சிறு அலகுகளாகப் பிரித்து எழுதும் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் முறையில் எழுதிய ஒரு நிரலின் வடிவமைப்பை ஆறு அளவுகளால் அளக்கலாம் என்றார்கள். ஒரு கிளாஸில் உள்ள மெத்தடுகளின், அதாவது அது செய்யும் தனித்தனி வேலைகளின், கனம், மரபுக் கிளையில் அது எத்தனை படி கீழே நிற்கிறது, அதற்கு எத்தனை வாரிசுகள், மற்ற கிளாஸ்களோடு எவ்வளவு பின்னிக் கிடக்கிறது, ஒரு செய்தி வந்தால் எத்தனை மெத்தடுகள் ஓடக்கூடும், உள்ளே இருக்கும் மெத்தடுகளுக்குள் எவ்வளவு ஒட்டுதல் இல்லாமல் இருக்கிறது. இந்த ஆறும் எங்கள் துறையில் படித்த யாருக்கும் மனப்பாடம். மென்பொருள் பொறியியலில் மிக அதிகமாக மேற்கோள் பெற்ற கட்டுரைகளில் அதுவும் ஒன்று. ஆயிரக்கணக்கில் போகும்.

அந்த ஆயிரங்களுக்குள் என்ன இருக்கிறது? 1996இல் பாசிலி, பிரியாண்ட், மெலோ மூவரும் மேரிலாந்து பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய எட்டு மென்பொருள்களை எடுத்து, இந்த அளவுகள் உண்மையிலேயே பிழை வரும் கிளாஸ்களைக் காட்டிக்கொடுக்கின்றனவா என்று சோதித்தார்கள். பெரும்பாலானவை காட்டின, ஒட்டுதலின்மை அளவு மட்டும் சரிவரவில்லை. அதே காலத்தில் வேறு சிலர் அந்த ஒட்டுதலின்மை அளவின் வரையறையே சரியில்லை என்று எழுதினார்கள். 2001இல் எல் எமாமும் அவரோடு சேர்ந்தவர்களும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெரிய கிளாஸ் என்றால் பிழையும் அதிகம் இருக்கும், இந்த அளவுகளும் கூடித்தான் காட்டும். கிளாஸின் பருமனுக்கு உள்ள பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால், தாங்கள் சோதித்த அளவுகளுக்கும் பிழைக்கும் இருந்த தொடர்பு மறைந்துபோகிறது என்று காட்டினார்கள். இது 1994 கட்டுரையின் பயனையே கேள்வி கேட்கிற முடிவு. அதற்கப்புறமும் பல நூறு கட்டுரைகள் அந்த ஆறையும் அப்படியே எக்செல் தலைப்புகளாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தன.

சரி, இப்போது எண்ணுவோம். சோதித்து ஏற்றவர் ஒன்று. வரையறை தப்பு என்றவர் ஒன்று. அடித்தளத்தையே அசைத்தவர் ஒன்று. வாசிக்காமல் முன்னுரையில் பெயரைப் போட்டவரும் ஒன்று. சிதம்பர், கெமரர் கணக்கில் நான்கு ஏறியது. எனக்கு அந்த 1994 கட்டுரை மேல் மிகுந்த மரியாதை உண்டு. மற்றவர்கள் சோதித்துப் பார்க்கும் அளவுக்குத் தெளிவாக எழுதியிருந்தார்கள், அதனால்தான் அதைத் தட்டிப் பார்க்கவும் முடிந்தது. அந்த மரியாதை எனக்கு வந்தது எல் எமாமின் கட்டுரையை வாசித்ததனால். மேற்கோள் எண்ணைப் பார்த்து வந்ததல்ல.

பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு நம்பவே முடியவில்லை. "என்னவே இது! எத்தனை தீர்ப்புல இந்தக் கேஸைச் சொல்லியிருக்குன்னு நான் போய்ச் சொன்னா ஜட்ஜு நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாரு. பின்னால வந்த பெஞ்ச் ஏத்துக்கிட்டுதா, தள்ளிட்டுதா, அதைல்லா கேப்பாரு" என்றார்.

அவர் சொன்னதுதான் மேற்கோள் அட்டவணையின் மூலமே. 1873இல் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் வழக்கறிஞர்களுக்காக ஒரு அட்டவணை போட ஆரம்பித்தார். ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் குறிப்பிட்டன என்ற பட்டியல் அது. ஷெப்பர்ட் அட்டவணைகளில் பின்பற்றப்பட்டது, வேறுபடுத்தப்பட்டது, ரத்து செய்யப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துக் குறி நின்றது. யூஜீன் கார்ஃபீல்ட் இந்த அட்டவணையைப் பார்த்துத்தான் அறிவியலுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று 1955இல் சயின்ஸ் இதழில் எழுதினார், 1964இல் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் வந்தது. அறிவியலுக்கு வரும் வழியில் அந்த எழுத்துக் குறி விழுந்துவிட்டது. லட்சக்கணக்கான கட்டுரைகளுக்கு யார் உட்கார்ந்து குறி போடுவது? காரணம் நியாயமானது. ஆனால் குறி இல்லாத அட்டவணையின் மேல் 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-இண்டெக்ஸைக் கட்டினார், அதன் மேல் நம் பதவி உயர்வுகளைக் கட்டியிருக்கிறோம். கார்ஃபீல்ட் வேண்டுமென்று கேட்டது கட்டுரைகளைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு கருவி. ஒரு கருத்து எங்கே போனது, யார் அதை மறுத்தார் என்று தொடர்ந்து போவதற்கு. அந்த வேலைக்கு அது இன்றைக்கும் அற்புதமான கருவி. நாம்தான் அந்த வேலைக்கு அதைக் கையில் எடுப்பதே இல்லை.

இனி நம்மூர் விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்து ஆய்வேடுகளில் 'மென்பொருள் பிழைக் கணிப்பு' என்ற தலைப்பு திரும்பத் திரும்ப வரும். ஒரு மாட்யூலில், அதாவது நிரலின் ஒரு துண்டில், எத்தனை வரிகள், எத்தனை கிளைகள் என்பது போன்ற கணக்குகளைக் கொண்டு அதில் பக் இருக்குமா என்று முன்கூட்டியே சொல்வதுதான் வேலை. தரவு எங்கிருந்து? நாசாவிலிருந்து. கேசி1, பிசி1, சிஎம்1, ஜேஎம்1 என்று பெயர் போட்ட கோப்புகள். பூமியைச் சுற்றும் ஒரு செயற்கைக்கோளின் பறப்பு மென்பொருளிலிருந்து எடுத்தது பிசி1. ஜேஎம்1 தரை நிலையத்தில் ஓடிய ஒரு மென்பொருள், அதில் 10,885 வரிசைகள். இவற்றை 2005 வாக்கில் ப்ராமிஸ் என்ற பொதுக் களஞ்சியத்தில் எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்கள். 2007இல் மென்சீஸ், கிரீன்வால்ட், ஃபிராங்க் மூவரும் நாசா தரவை வைத்து எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தத் தலைப்பு பெருக ஆரம்பித்தது. தரவைப் பொதுவில் வைத்ததைப் பெரிய உதவி என்றுதான் சொல்வேன். வசதி இல்லாத கல்லூரியில் இருக்கும் பிள்ளைக்கு அது ஒரு கதவைத் திறந்துவிட்டது.

2011இல் டேவிட் கிரே என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் இந்தக் கோப்புகளுக்குள் போய் வரிசை வரிசையாகப் பார்த்தார்கள். ஒரே வரிசை பல முறை திரும்ப வந்துகொண்டிருந்தது. கணிக்கும் நிரலின் பயிற்சிக்கு ஒரு பகுதி, அதன் சோதனைக்கு ஒரு பகுதி என்று பிரிக்கும்போது ஒரே வரிசை இரண்டு பக்கமும் போய் விழும். மாணவனுக்கு வினாத்தாளை முன்பே கொடுத்துவிட்டு மதிப்பெண்ணைப் புகழ்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. 2013இல் மார்ட்டின் ஷெப்பர்ட், சாங், சன், மேர் நால்வரும் இன்னொன்றைக் காட்டினார்கள். நாசாவின் பக்கத்தில் இருந்த பிரதியும் ப்ராமிஸில் இருந்த பிரதியும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. நடக்கவே முடியாத மதிப்புகளும் இருந்தன. எந்தப் பிரதியை எடுத்தீர்கள், எப்படிச் சுத்தம் செய்தீர்கள் என்று எழுதுங்கள், இயந்திரக் கற்றலை ஓட்டுவதற்கு முன்னால் தரவைப் புரிந்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எழுதப்பட்டு என் கைக்கு மதிப்பீட்டுக்கு வந்த ஆய்வேடுகளில் 2007 கட்டுரை தவறாமல் இருக்கும். 2013 கட்டுரை இருப்பது அபூர்வம். இரண்டும் ஒரே இதழில் வந்தவை, இரண்டையும் தேடி எடுப்பது ஒரே அளவு சுலபம்தான். 2007 கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலில் கொஞ்ச தூரம் இறங்கினாலே 2013 கண்ணில் பட்டுவிடும். எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற கண்ணுக்குத் தரவில் சிக்கல் இருக்கும் செய்தி வந்து சேர்வதில்லை. இது அந்தப் பிள்ளைகளின் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட மாட்டேன். அந்தப் பட்டியலை அதற்காகத் திறக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

என் ஆய்வு மாணவி ஒருவர் அம்பாசமுத்திரம் பக்கம் பாலிடெக்னிக்கில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் படித்தார். ஏற்கெனவே வெளியான ஒரு முறையை எடுத்து, திரும்ப வந்த வரிசைகளை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினார். கட்டுரையில் சொன்ன துல்லியம் கணிசமாக இறங்கியது. எந்த வரிசைகளை ஏன் நீக்கினார் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி, நிரலையும் சேர்த்து ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினோம். 'புதுமை இல்லை' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. அடுத்தவர் சொன்னது உண்மையா என்று சரிபார்ப்பது ஆராய்ச்சி இல்லை என்றால் எதுதான் ஆராய்ச்சி? பின்னால் வேறோர் இடத்தில் சிறிய கட்டுரையாக அது வெளிவந்தது. மேற்கோள்கள் கைவிரலுக்குள் அடங்கும். அதில் ஒன்று, அவருடைய நீக்கல் பட்டியலை அப்படியே எடுத்துப் பயன்படுத்தித் தங்கள் பழைய முடிவைத் திருத்திக்கொண்ட ஒரு குழு. அந்த ஒரு மேற்கோளைப் பற்றி அவருடைய வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட கேள்விகளே பாதி நேரம் ஓடின. நான் கண்ட நல்ல வைவாக்களில் அது ஒன்று.

எண்களின் இயந்திரக் கோளாறுகளைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரே ஆளுக்குக் கூகுள் ஸ்காலரில் ஓர் எச்-இண்டெக்ஸ், ஸ்கோப்பஸ் என்ற இன்னொரு மேற்கோள் தளத்தில் வேறொன்று. கூகுள் ஆய்வேடு, முன்வரைவு எல்லாவற்றிலும் உள்ள மேற்கோளை எடுத்துக்கொள்ளும், ஸ்கோப்பஸ் தன் பட்டியலில் உள்ள இதழ்கள், மாநாட்டுத் தொகுப்புகள், நூல்களை மட்டும் பார்க்கும். நம்மூர்ப் பெயர்கள் வேறு. இசக்கிமுத்து என்பவர் ஒரு கட்டுரையில் அப்பா பெயரை இனிஷியலாகவும் இன்னொன்றில் முழுதாகப் பின்னாலும் போட்டால், இயந்திரம் அவரை இரண்டு ஆட்களாக்கிவிடும். பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறினால் அதுவரை எழுதியது ஒரு பக்கம், அப்புறம் எழுதியது ஒரு பக்கம். இதற்குத்தான் ஆராய்ச்சியாளர் ஆளுக்கொன்றாக, 2012இல் வந்த ஓர்கிட் என்ற 16 இலக்க எண் இருக்கிறது. பதிவு செய்யக் காசு கிடையாது. முதல் கட்டுரை அனுப்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.

விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு மாநாட்டுக் கட்டுரைகளும் வேண்டும் என்று 2016 யுஜிசி விதி சொன்னது. 2022இல் வந்த விதியில் அந்தக் கட்டாயம் இல்லை. பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென்று விதி வைத்துக்கொள்ளலாம் என்பதால் 'பேப்பர் போட்டாச்சா?' என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. 'ஸ்கோப்பஸ் பேப்பர் போட்டுத் தரப்படும்' என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களும் நிற்கவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பிள்ளை நல்ல மாநாட்டுக்குப் போய் வந்துவிடலாம். எங்கள் துறையில் மிக முக்கியமான வேலைகள் பல மாநாடுகளில்தான் முதலில் வெளிவருகின்றன. அவற்றில் பெரியது ஐசிஎஸ்இ என்ற சர்வதேச மென்பொருள் பொறியியல் மாநாடு. 2014இல் அது ஹைதராபாத்திலேயே நடந்தது. ஆய்விதழை மட்டும் எண்ணும் படிவத்தில் அதற்கு உரிய இடம் இல்லை என்பது நமக்குத்தான் நஷ்டம்.

எண்ணில் ஏறாத தாக்கமும் உண்டு. 1976இல் தாமஸ் மக்கேப், ஒரு நிரலில் எத்தனை தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன என்று எண்ணுவதற்கு ஒரு முறை சொன்னார். எளிய நிரல் என்றால் கிளை பிரியும் இடங்களை எண்ணி ஒன்றைக் கூட்டினால் போதும். பத்தைத் தாண்டினால் பிரித்து எழுதுங்கள் என்றார். இன்றைக்குச் சோனார்க்யூப், ஈஎஸ்லின்ட் போன்ற கருவிகள் எழுதுகிறவரின் திரையிலேயே அந்தக் கணக்கைப் போட்டு எச்சரிக்கின்றன. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ 2011இல் அலுவலகம் திறந்த பிறகு நம் பிள்ளைகள் பலர் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே மென்பொருள் எழுதுகிறார்கள். ஐடியில் இருக்கும் பழைய மாணவன் ஒருவனிடம் மக்கேப் பற்றிக் கேட்டேன். "அந்த வார்னிங் பேரு தெரியும் சார், ஆளு பேரு தெரியாது" என்றான். அவன் தினமும் மக்கேப்பைப் பயன்படுத்துகிறான், ஒரு நாளும் மேற்கோள் காட்டப் போவதில்லை. பாளையங்கால்வாயில் எவ்வளவு தண்ணீர் விட்டார்கள் என்பது மதகுக் கணக்கில் இருக்கும், எந்த வயல் விளைந்தது என்பதை வரப்பில் நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும்.

எண்ணில் ஏறினாலும் படிவத்தில் ஏறாததற்கு உதாரணம் பார்பரா கிச்சன்ஹாம். மென்பொருள் பொறியியலில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளை முறைப்படி தேடித் தொகுப்பது எப்படி என்று 2007இல் சார்ட்டர்ஸோடு சேர்ந்து ஒரு வழிகாட்டி எழுதினார். எந்த ஆய்விதழிலும் வந்ததல்ல, ஒரு தொழில்நுட்ப அறிக்கை. எங்கள் துறையில் ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெற்றிருக்கிறது. நம் படிவத்தில் அதை எழுதப்போனால் எந்தக் கட்டத்திலும் உட்காராது.

டேவிட் பார்னஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1972இல் ஒரு மென்பொருளை எப்படித் துண்டு துண்டாகப் பிரிப்பது என்று ஆறு பக்கக் கட்டுரை எழுதினார். ஒரு சின்ன அகரவரிசைத் தொகுப்பு நிரலை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டி, நாளைக்கு மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு மாட்யூலுக்குள் ஒளித்துவை என்றார். இன்று நாம் முதலாண்டில் கற்பிக்கும் பாதி அதிலிருந்து வந்தது. அதே பார்னஸ் 2007இல், ஆராய்ச்சியாளர்களைக் கட்டுரை எண்ணிக்கையால் அளப்பதை நிறுத்துங்கள் என்று எழுதினார். எண்ணினால் ஆழமில்லாத ஆய்வும், ஒரே விஷயத்தைத் திரும்பச் சொல்வதும், வேகாத கருத்தை அவசரமாக வெளியிடுவதும் பெருகும் என்றார். வாழ்நாள் முழுக்க ஆழமாக எழுதிய ஒருவர் சொல்லும்போது அதற்கு ஒரு கனம் இருக்கிறது.

எங்கள் துறையில் இப்போது ஒரு சின்ன வழக்கம் வைத்திருக்கிறோம். ஆய்வு மாணவர்கள் ஆண்டறிக்கை தரும்போது எண்ணோடு சேர்த்து இரண்டு பத்தி எழுத வேண்டும். தங்கள் கட்டுரையை யாராவது மேற்கோள் காட்டியிருந்தால் அதில் ஒன்றை முழுதாக வாசித்து, அவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்று எழுத வேண்டும். மேற்கோள் இன்னும் வராதவர்கள், தாங்கள் பயன்படுத்திய ஒரு கட்டுரையைப் பின்னால் யார் மறுத்தார்கள் என்று தேடி எழுத வேண்டும். முதல் தடவை முணுமுணுத்தார்கள். போன தடவை ஒருவர், தான் அடித்தளமாக வைத்திருந்த கட்டுரையை அதன் ஆசிரியர்களே பிறகு திருத்தியிருப்பதைக் கண்டுபிடித்து, ஆய்வின் இரண்டாம் அத்தியாயத்தை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்.

அப்புறம், சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் சிலர் பாளையங்கோட்டையில் கூடி ஒரு கட்டுரையை வரிக்கு வரி வாசிக்கிறோம். அபிஷேகப்பட்டியிலிருந்து வருகிறவர்கள் உண்டு, தூத்துக்குடியிலிருந்தும் வருகிறார்கள். அடுத்தது பார்னஸின் 1972 கட்டுரை, அதோடு அதை மறுத்தோ திருத்தியோ எழுதிய ஒன்றை ஆளுக்கொன்றாகத் தேடிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம். மென்பொருள் பொறியியலில் ஆர்வம் உள்ள யாரும் வரலாம், பிஎச்டி பதிவு செய்திருக்க வேண்டும் என்று இல்லை. கல்லிடைக்குறிச்சிப் பெண்ணும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் இன்னும் கைடு யாரென்று முடிவு செய்யவில்லை, இரண்டு பேரின் கட்டுரைகளையும் வாசித்துக்கொண்டிருக்கிறாள்.